வைக்கோல் போர்த்திய நாரை

மேற்கே செவ்வானம் அணைந்துகொண்டிருக்க, கிழக்கே கடலின் மடியிலிருந்து எழுந்த முழுமதி சங்குத் தீவின் கழிமுகத்தில் வெள்ளியை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தது. சாவகத்து வணிகர்களின் கப்பல் பட்டறையில் உளியோசை அப்போதுதான் அடங்கியிருந்தது. அந்த அழகைக் கண்ணெடுத்தும் பாராமல், கரையேற்றி நிறுத்திய புதுக் கப்பல்களின் நடுவே உப்பு வணிகன் ஒருவன் நடந்தான். நேயர்களே, அவன் உப்பு வணிகன் அல்லன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்? செங்கழனி நாட்டுக் கடற்படைத் தலைவன் அரிகண்டன் அவன்.

முந்தைய போரில் செங்கழனியிடம் தோற்றது மணற்கோட்டை நாடு. இனி இரு நாடுகளும் போர்க்கப்பல் கட்டுவதில்லை என்று கடல்நீரை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்தார்கள். செங்கழனி மன்னருக்காக நீரேந்தியவன் அரிகண்டனே. மணற்கோட்டை இளவரசன் குணவீரன் பிணையாகச் செங்கழனி அரண்மனையில் வைக்கப்பட்டான். இப்போதோ, மணற்கோட்டையார் அந்நியர் பட்டறையில் இரகசியமாகப் போர்க்கப்பல் கட்டுகிறார்கள் என்று ஒரு பேச்சு. வேவு பார்க்க அனுப்பப்பட்ட அரிகண்டன் அது மெய்யென்று சொன்னால் இளவரசனின் தலை உருளும், போரும் மூளும்.

ஒரு கப்பலின் விலாவைத் தடவிச் சென்ற அவன் விரல்கள் ஓரிடத்தில் நின்றன. மரத்தக்கை செருகி, மெழுகு பூசி மறைத்த துடுப்புத் துளை! பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் வரிசையாக மேலும் பல. சரக்குக் கப்பலுக்கு இத்தனை துடுப்புகள் எதற்கு?

"உப்பை விலாவிலா ஏற்றுவீர்கள், செட்டியாரே?"

திரும்பினான். பட்டறையின் மேற்பார்வைக்காரி சித்திரவல்லி சிரித்துக்கொண்டு நின்றாள். பகலெல்லாம் அவனுக்குக் கப்பல் காட்டியவள் அவள்தான். அந்தச் சிரிப்பில் அவன் வந்த வேலையையே மறந்ததும் உண்டு.

"கப்பல் வாங்க வரும் வணிகர் முதலில் சரக்கறையில் இறங்கி, ஈரம் கசிகிறதா என்று முகர்ந்து பார்ப்பார். தாங்களோ துளையைத் தேடுகிறீர்கள். போர்க்கப்பலில் பழகிய கை அது."

"இவையும் போர்க்கப்பல்களே!" என்று சீறினான் அரிகண்டன். "மணற்கோட்டை சத்தியத்தை மீறிவிட்டது!"

"மணற்கோட்டையா?" அவள் சிரிப்பு மறைந்தது. "விலாவைத் தடவியவர் முகப்பையும் பார்த்துவிட்டுப் பேசலாமே."

முகப்புச் சிற்பத்தின்மேல் வைக்கோல் சுற்றிக் கட்டியிருந்தது. கத்தியால் கயிற்றை அறுத்தான். வைக்கோல் சரிந்தது. நிலவொளியில் ஒற்றைக்காலில் நின்றது ஒரு நாரை. செங்கழனியின் அரச இலச்சினை.

"உங்கள் மந்திரி வந்து பார்த்தார். அலகு இன்னும் கொஞ்சம் நீளலாம் என்றார்."

அரிகண்டனுக்கு எல்லாம் விளங்கிற்று. துளைகளைக் கண்டு, பழியை மணற்கோட்டையின்மேல் சுமத்துவதற்கே அவனை அனுப்பியிருக்கிறார்கள். சத்தியம் செய்தவன் சொன்னால் நம்பாதவர் யார்? அவன் முழந்தாளிட்டு, சிதறிய வைக்கோலை அள்ளி அள்ளி அந்த நாரையின்மேல் மறுபடி சுற்றப் பார்த்தான். வைக்கோல் நிற்காமல் சரிந்தது.

"இதை அறியத்தான் அரண்மனையை விட்டு இங்கே கூலிக்கு வந்தேன்," என்றாள் அவள். "குணவீரன் என் தம்பி. நலமாக இருக்கிறானா?"

இளவரசி! அரிகண்டன் தலை நிமிரவில்லை. "நலம், தேவி. சென்ற வாரம் சதுரங்கத்தில் என்னைத் தோற்கடித்தான்."

"கள்ளாட்டம் ஆடியிருப்பான்."

"ஆம். பார்த்தும் பாராததுபோல் இருந்துவிட்டேன்."

அரிகண்டன் நீரோரம் சென்று உள்ளங்கையில் கடல்நீரை அள்ளினான். "தேவி, இந்தக் கடல் சாட்சியாக..."

"வேண்டாம்," என்றாள் சித்திரவல்லி. "தாங்கள் நீரேந்தியதை அன்று தூரத்திலிருந்து பார்த்தவள் நான். அந்தச் சத்தியத்தின்மேல்தான் இந்த நாரை நிற்கிறது."

அவன் விரல்களை விரித்தான். நீர் மணலில் ஒழுகியது.

"முதலில் குணவீரன் இந்தக் கரையேறுவான்," என்றான் வெறுங்கையோடு. "பிறகு இவை யாருடைய கப்பல்கள் என்று எங்கள் மன்னரின் சபை நடுவே சொல்வேன்."

"சொன்னால் உங்கள் தலை தப்புமா?"

அரிகண்டன் ஈரக் கையை ஆடையில் துடைத்துக்கொண்டு படகில் ஏறினான். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை; படகைத் தள்ளிவிட்ட கையை மட்டும் பார்த்தான்.