பாட்டு தொடங்குவதற்கு முன்

“கொஞ்சம் இருங்க... இன்னும் ஆரம்பிக்கல.”

ஹெட்ஃபோனுக்குள் அந்தக் குரல் கேட்டதும் அவனுக்கு முதுகு சில்லிட்டது. பிடுங்கி எறியாத குறையாக அதைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தான்.

செவித்திறன் பரிசோதனை செய்யும் சின்ன அறை அது. வெளிச்சத்தம் எதுவும் உள்ளே வராமலிருக்கச் சுவரெல்லாம் பஞ்சு வைத்து மூடியிருந்தார்கள். எதிரே ஒரு கண்ணாடி ஜன்னல். அதற்கு அப்பால் மைக் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட்டு, அவசரமாக முடிந்த கொண்டை, மழைக்கு முந்தைய வானம் போலக் கறுத்த பெரிய கண்கள்... அந்தக் கண்களில் இப்போது எரிச்சல்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். “என்ன சார், சத்தம் அதிகமா வச்சிட்டேனா?”

“இல்ல... நீங்க இப்ப என்ன சொன்னீங்க?”

“கொஞ்சம் இருங்கன்னு சொன்னேன். நீங்கதான் இருக்க மாட்டேங்கிறீங்க.”

அதே குரல். சந்தேகமே இல்லை. லேசான கரகரப்பு, ‘இருங்க’ என்பதில் ஒரு சின்ன இழுப்பு... இந்தக் குரலை அவன் சில மாதங்களாகத் தன் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறான். தன்னைத் தவிர ஆளே இல்லாத வீட்டில்.

அவன் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துபவன். அப்பா அம்மா இல்லை. அக்கா வெளியூரில். கடையை விட்டால் அவனுக்கு இருந்தது ஒன்றே ஒன்றுதான்... அவன் வீட்டு ஸ்டீரியோ.

படிப்பு முடித்த கையோடு ரெக்கார்டு போடும் பழைய டர்ன்டேபிள் ஒன்றும் ஒரு ஜோடி சின்ன ஸ்பீக்கரும் வாங்கியதில் தொடங்கிய பைத்தியம். அடுத்து, கண்ணாடிக் குழாய்களுக்குள் தணல் போலச் சிவக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர். அதை அவனே சாலிடர் வைத்துக் கட்டினான். கட்டும்போது ஷாக் அடித்துச் சுவரில் போய் விழுந்ததும் உண்டு. பிறகு இடுப்பு உயரத்துக்குப் பெரிய ஸ்பீக்கர்கள் வந்தன. அதிர்வு ஏறக்கூடாதென்று டர்ன்டேபிளுக்கு அடியில் கருங்கல் பலகை வந்தது. எதிரொலி அடங்கச் சுவருக்குக் கனத்த திரை வந்தது. ஒவ்வொன்றாக மாற்ற மாற்ற, வருஷக்கணக்காகக் கேட்ட ரெக்கார்டுகளிலேயே புதிது புதிதாக ஏதோ கேட்டது. வயலின்காரர் மூச்சிழுப்பது, யாரோ நாற்காலியில் அசைவது... கடையில் அவனுக்கு ‘ஸ்பீக்கர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வாயே திறக்காதவனுக்கு அப்படியொரு பெயர்.

கடைசியாக ஊசியை மாற்றினான். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு நுண்ணிய ஊசி. பழைய சாமான் கடையில் எடுத்த ஒரு மெல்லிசை ரெக்கார்டைச் சுழலவிட்டான். பாட்டு தொடங்குமுன் வெறுமனே சுழலும் அந்தச் சில விநாடிகளில்... ஒரு பெண் பேசினாள்.

“கொஞ்சம் இருங்க...” அதன் பின் ஏதோ முணுமுணுப்பு. அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது.

நல்ல ஸ்டீரியோ என்பது, குரலை ஸ்பீக்கரிலிருந்து பிரித்து அறையில் ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடும். இவளை அது இடது ஸ்பீக்கருக்குச் சற்றுத் தள்ளி, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் உயரத்தில் நிறுத்தியது. முதல் நாள் அவன் எழுந்தே நின்றுவிட்டான். பட்டப்பகல். அங்கே யாருமில்லை. கேபிளை மாற்றினான்... குரல் ஓரடி முன்னால் வந்தது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் திருப்பினான்... அவள் மூச்சு கேட்டது. செட்டை அணைத்த பிறகும், அந்த இடத்தை மிதிக்காமல் தான் சுற்றிக்கொண்டு நடப்பதை ஒருநாள் கவனித்துப் பயந்துபோனான்.

கடையில் கூட வேலை பார்ப்பவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினான். ஊசியின் உரசலைத் தவிர ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. உனக்குக் கல்யாண வயசு வந்தாச்சு, வேறொண்ணும் இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார்கள். காதில்தான் கோளாறோ என்று இங்கே வந்தான்.

தட்டுத்தடுமாறி இதையெல்லாம் சொல்லி முடித்தான். அவள் கைகட்டி நின்று கேட்டுவிட்டு, மறுபடி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டுப் பரிசோதனையை முடித்தாள்.

“காது ரெண்டும் நல்லா இருக்கு சார். பொண்ணுங்ககிட்டப் பேச்சு கொடுக்க இவ்வளவு பெரிய கதை வேணுமா?”

அவன் முகம் சிவந்தது. எழுந்து வாசல் வரை போனவன் நின்றான். “கதையா இருந்தா எனக்கு நிம்மதி மேடம். நீங்களே ஒருதரம் வந்து கேளுங்க. துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க... பயமா இருக்கு.”

“எனக்கு எதுக்குப் பயம்?”

“பயம் எனக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க வேலைக்கு நடுவில் அந்தப் பதில் ஞாபகம் வந்து தொந்தரவு செய்தது. பொய் சொல்கிறவன் முகம் அப்படி இருக்காதே...

ஞாயிற்றுக்கிழமை தூறலில் சித்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சித்தி என்றால் அவள் அம்மாவின் தங்கை. அம்மா இல்லாத அவளை வளர்த்தவள். படியேறும்போதே, இந்தப் பையனுக்கு வேறு வேலை இல்லையா என்று சித்தி முணுமுணுத்தாள். உள்ளே திரைகளையும் வால்வுகளின் செம்மஞ்சள் வெளிச்சத்தையும் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். வெளியே மழை பெய்வது அந்த அறைக்குள் கேட்கவே இல்லை.

அவன் ஊசியை இறக்கினான்.

“கொஞ்சம் இருங்க...”

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தான் பேசவில்லை. ஆனால் தன் குரல் அங்கே, ஆளில்லாத இடத்திலிருந்து...

சித்திதான் முதலில் அழுதாள். “அக்கா...” என்றாள், காற்றைப் பார்த்து.

பிறகு சித்தி சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அம்மா மெல்லிசைப் பாடல்களுக்குப் பின்குரல் பாடியவள். நாலைந்து ரெக்கார்டுகளில் பாடியிருக்கிறாள். எதிலும் பெயர் கிடையாது. இவள் வயிற்றில் இருக்கும்போது கடைசியாகப் பாடினாள்; அன்று அப்பாவும் கூடப் போய், கதவுகிட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். இவள் பிறந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் போய்விட்டாள்; இவளுக்கு முன்பே தெரிந்தது அது மட்டும்தான்.

“உங்கப்பா எப்பப் பார்த்தாலும் ‘முன்னால வந்து பேசு’ன்னு உன்னை அதட்டுவாரே... ஏன்னு நெனச்சே?” என்றாள் சித்தி.

கண்டிப்பு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அடுத்த அறையிலிருந்து இவள் கூப்பிட்டால் அது போனவளின் குரல். அந்த மனுஷன் ஒவ்வொரு தடவையும் திடுக்கிட்டிருக்கிறார்.

அன்று வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். போனவளைப் போனவளாக இருக்க விடு, அந்தப் பையன் வீட்டுப் பக்கம் இனிப் போகாதே என்றார்.

ஆனால் அவளால் போகாமலிருக்க முடியவில்லை. அந்த முணுமுணுப்பில் அம்மா என்னதான் சொன்னாள்? சிறு வயதிலிருந்தே அவளுக்குள் ஒரு நினைப்பு உண்டு. நான் வந்தேன், அவள் போனாள்... நான் வராமலிருந்திருந்தால்? வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. இல்லை என்றும் யாரும் சொன்னதில்லை.

ஞாயிறுதோறும் சித்தி துணையோடு வந்தாள். மருத்துவமனையில் கற்றதையெல்லாம் அவன் அறையில் காட்டினாள். பின்சுவரில் குரல் பட்டுத் திரும்புகிறது, திரையை இப்படியா போடுவீங்க என்று திட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் ஏணி போட்டு ஏறினான். ஊசியின் எடையை மயிரிழை அளவு கூட்டினான், குறைத்தான். வால்வுகளை மாற்றிப் பார்த்தான். சித்தி சோபாவிலேயே தூங்கிப்போவாள்.

“நான் கண்ணுக்கு வேலை பார்க்கிறேன்... நீங்க காதுக்கு” என்றான் ஒருநாள்.

“அப்ப வாய்க்கு யாரு? உங்ககிட்டேருந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள விடிஞ்சிடுது.”

அவன் சிரித்தான். அவள் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கன்னம் சுட்டது...

ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவைத்த ஒரு மத்தியானம், முணுமுணுப்பு திடீரென்று வார்த்தையானது.

“கொஞ்சம் இருங்க... உள்ள உதைக்குது. பாட்டு கேட்டா உடனே உதைக்குது...” பிறகு ஒரு சிரிப்பு. சந்தோஷம் தாங்காத, கட்டுக்கடங்காத சிரிப்பு. அதன் மேலேயே பாட்டு தொடங்கிவிட்டது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உதைத்தது தான்தான். அம்மாவுக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கிறது... கண்ணீரோடு அவனைத் தேடி நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. இடது ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், யாருமில்லாத அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் அப்படியொரு கனிவு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நீங்க யாரைப் பார்க்கிறீங்க?”

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான்.

“உங்களுக்குப் பிடிச்சது யாரை? என்னையா... அந்தக் குரலையா? என்னைப் பார்க்கிறதுக்கு முன்னாலயே அது உங்க வீட்டுல இருந்திருக்கு.”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். அவள் சித்தியை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பதிலே சொல்லாதவனிடம் நானாகப் போவதா என்று வைராக்கியமாக இருந்தாள். ஆனாலும் பரிசோதனை அறையில் மைக்கைத் திறந்து ‘கொஞ்சம் இருங்க’ என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கே மயிர்க்கூச்செறிந்தது. சொல்வது தானா, அம்மாவா... கண்ணாடிக்கு அப்பால் இருப்பவன் அவனில்லையே என்று மனசு வேறு ஏங்கித் தொலைத்தது.

ஒரு சாயங்காலம் நல்ல மழையில் நனைந்தபடி வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாள். இரண்டாம் மாடிக்கு ஏறிப் பூட்டில் சாவியைப் போட்டவள்... அப்படியே நின்றாள்.

வீட்டுக்குள் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சம் இருங்க... உள்ள உதைக்குது.”

கதவுக்கு இந்தப் பக்கம் ஈரத்தோடு நான் நிற்கிறேன். அந்தப் பக்கம் என் குரல் சிரிக்கிறது... பாட்டு எழுந்து, பாதியில் நின்றது. அப்புறம் அப்பாவின் குரல். அவள் அதுவரை கேட்டிராத, இளகிப்போன குரல்.

“இருக்கேன்மா... இங்கதான் கதவுகிட்ட நிக்கிறேன். பார்த்துட்டுத்தான் இருக்கேன்.”

ஊசி மறுபடி இறங்கும் உரசல். மறுபடி அம்மா. மறுபடி அவர், இருக்கச் சொன்னவளுக்குப் பதில் சொல்வது போல. அவள் சாவியைச் சத்தமில்லாமல் உருவிக்கொண்டாள். அந்தப் பேச்சுக்கு நடுவில் மூன்றாவது ஆளாக நுழைய முடியாது.

திரும்பியபோதுதான் பார்த்தாள். வராந்தாவின் கோடியில், மழை பார்த்த ஜன்னலுக்கு அடியில், ஸ்பீக்கர் வந்த காலி மரப்பெட்டி மேல் அவன் உட்கார்ந்திருந்தான். சட்டை கசங்கி, புறங்கையெல்லாம் சிராய்ப்பு.

எழுந்து நின்று மெதுவாகச் சொன்னான். காலையில் விலாசம் விசாரித்து, செட்டை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தானாம். அப்பா கதவை முழுசாகத் திறக்காமல், போய்விடு என்றாராம். அந்த ரெக்கார்டில் என்ன பேசுகிறாள் என்று மட்டும் இவன் சொல்லியிருக்கிறான். அவர் ஒன்றே ஒன்று கேட்டாராம். ‘சிரிக்கிறாளா?’ ஆமாம் என்றதும் கதவைத் திறந்துவிட்டார். பகல் முழுக்க அந்த அறைக்கு ஏற்றமாதிரி எல்லாவற்றையும் பொருத்தி, ஊசியைத் தூக்கி இறக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இவன் வெளியே வந்துவிட்டான்.

“ரெக்கார்டு போதாதா? மொத்த செட்டையும் எதுக்குக் கொண்டு வந்தீங்க?”

“வேற செட்டுல அவங்க பேச மாட்டாங்க.”

“எப்ப எடுத்துட்டுப் போவீங்க?”

“எடுக்கிறதா இல்ல. இங்கயே இருக்கட்டும்.”

அவள் கோபப்பட முயன்றாள். இத்தனை வருஷம் கட்டினதை யாரைக் கேட்டுத் தூக்கிக் கொடுத்தீங்க என்று கேட்கும்போதே பார்வை அவன் சிராய்ப்புக்குப் போனது.

“அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு எனக்குப் பதில் வரல” என்றான். “அந்தக் குரல் எனக்குப் பிடிச்சிருந்தது. இல்லேன்னா பொய். ஆனா அதை எப்பப் போட்டாலும் அதே வார்த்தைதான் சொல்லும். நீங்க ஒரு வாரம் திரைக்குத் திட்டுவீங்க, அடுத்த வாரம் வேற எதுக்கோ திட்டுவீங்க... இந்த வாரம் எதுக்குன்னு ஆறு நாளும் யோசிச்சிட்டே லென்ஸ் தேய்ப்பேன். நீங்க வராம அந்த ரூமுக்குள்ள போகவே முடியல.” மூச்சு வாங்கிக்கொண்டான். “அது உங்க வீட்டுக் குரல். உங்க வீட்டுல இருக்கட்டும். எனக்கு நீங்க வேணும்.”

வாயே திறக்காதவன் இவ்வளவு பேசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்திருந்தது.

கதவுக்குப் பின்னால் அவள் அம்மா மறுபடி சிரித்தாள். மழை வலுத்தது. அவள் ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, அவன் சிராய்த்த கையைப் பிடித்தாள். அவள் பேசினாள்; பரிசோதனை அறையில் பேசும் குரல் இல்லை அது. அவளுக்கே புதிதாக இருந்தது.

“எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு...”

அவன் நிமிர்ந்தான். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டதா என்று நம்பிக்கை இல்லாதவன் போல அவள் உதடுகளையே பார்த்தான்.

“அப்பா இப்போதைக்கு வெளியில வர மாட்டார்” என்று அவனை அந்த மரப்பெட்டி மேல் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். “கிட்ட வாங்க... இன்னொரு தடவை சொல்றேன்.”