முழு மதிப்பெண் வாங்கிய திருட்டு

தொழிற்பேட்டையில் காணாமல்போன லாரியை, அந்த லாரியின் மேலேயே உட்கார்ந்து டீ குடித்தபடி கண்டுபிடித்தவர் கோதண்டம். இதை நம்பாதவர்களுக்கு அவர் துப்பறிவதில்லை. கள்ளிக்குப்பத்துச் சாமுண்டீஸ்வரி நம்பினாள். மகள் ஜெயப்பிரியாவையும் இழுத்துக்கொண்டு அவருடைய அம்பத்தூர் வீட்டுக்கு வந்தாள்.

"சார், ஸ்கூல் ஆன்லைன் புக்கை இவ பேர்ல வேற யாரோ தொறக்கறாங்க. டெஸ்ட்டும் எழுதறாங்க."

"எழுதி?"

"நூத்துக்கு நூறு சார். அதுலதான் மாட்டிக்கினா. இவ பாஸானாலே மிஸ்ஸு சந்தேகப்படுவாங்க."

ஒரு மாணவிக்கு ஒரு லாகின் என்பது பள்ளியின் விதி. கடவுச்சொல்லை யாருக்குக் கொடுத்தாள் என்று சொல்லாவிட்டால் மாதிரித் தேர்வை ஜெயப்பிரியா எழுத முடியாது.

"ரஷ்யாக்காரன் வேலை தலீவா!" என்றான் நாகேந்திரன். ஷேர் ஆட்டோ ஓட்டாத நேரத்தில் அவன் உதவித் துப்பறிவாளன்.

"ரஷ்யாக்காரனுக்குப் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எதுக்குடா?"

புத்தகம் திறக்கப்படும்போதெல்லாம் ஜெயப்பிரியாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்தது. கோதண்டம் அவற்றை நிதானமாகப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட் யாருக்கும்மா தெரியும்?"

"பிளஸ் ஒன்ல அருள்மொழிக்குக் கொடுத்தேன், சார். கிளாஸ்லயே அவதான் ஃபர்ஸ்ட். அவங்களால புக்குக்குப் பணம் கட்ட முடியல. ஆனா அவ இப்போ திருச்சி ஹாஸ்டல்ல படிக்கிறா."

அருள்மொழியின் வீட்டை வேவு பார்க்கப் போன நாகேந்திரன் மூச்சிரைக்கத் திரும்பினான். "அவங்க நைனா படுத்த படுக்கையா கீறாரு. கொடில கம்பெனி கோட்டு காயுது. சின்ன சைஸு."

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கிற புள்ளைக்குப் படிக்க ஒரு நேரம் இருக்கும். இது ஒரு வாரம் காலைல தொறக்குது, மறுவாரம் சாயங்காலம். தொறந்த கொஞ்ச நேரத்துல மூடிடுது. ஷிப்ட் மாறுது. டீ பிரேக் முடியுது. ஹாஸ்டல்ல ஏதும்மா ஷிப்ட்?"

கோட்டில் பார்த்த பெயரை வைத்து, நாகேந்திரன் எல்லோரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றினான்.

அது சாயங்கால வாரம். திருமழிசைக் கம்பெனி வாசலில், டீயை ஆறவிட்டு அருள்மொழி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோழியைக் கண்டதும் கோட்டில் இருந்த கம்பெனிப் பெயரை உள்ளங்கையால் மூடினாள்.

"எதுக்குடி டெஸ்ட் எழுதின?"

"எனக்கு வருதான்னு பாத்தேன். மார்க்கு உன் பேர்ல ஏறும்னு தெரியாதுடி."

"திருச்சின்னு சொன்னியே!"

"பின்ன இன்னான்னு சொல்றது?"

ஜெயப்பிரியா விஷயத்தைச் சொன்னாள். மாதிரித் தேர்வு என்றதும் அருள்மொழி முகம் மாறியது.

"என் பேரைச் சொல்லிடு. பாஸ்வேர்டையும் மாத்திடு." திரையைப் பார்த்தாள். "இந்தப் பாடம் ரெண்டு பக்கம்தான் பாக்கி. முடிச்சுட்டு மூடட்டுமா?"

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் உதடு அசைய வேகவேகமாகப் படித்தாள். ஒரு பக்கம் முடிவதற்குள் உள்ளே மணி அடித்தது. லாகினிலிருந்து தானே வெளியேறி, போனைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

"மீதியை நீ படி. புரியலன்னா ஞாயித்துக்கெழம போன் பண்ணு, சொல்லித்தரேன்."

"அதை நீயே இன்னும் படிக்கலையேடி!"

அதற்குள் அருள்மொழி வாசலைத் தாண்டி வரிசையில் நின்றிருந்தாள்.