ஆதரவு... ஆதரவு... கொலை!

ட்ரிங்... ட்ரிங்...

சூப்பர்வைசரின் மேஜை போன் பதினோராவது தடவையாக அடித்தது.

சூப்பர்வைசர் எடுக்கவில்லை. வாக்காளர் பட்டியலின் மேல் கன்னத்தை வைத்துப் படு நிம்மதியாகச் சாய்ந்திருந்தார்.

நிம்மதி இருக்கத்தானே செய்யும். இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது!

யாரும் கவனிக்கவில்லை. தேர்தலுக்கு இன்னும் ஐந்து நாள். அந்த அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தூங்காதவன்தான் சந்தேகத்துக்குரியவன்.

கடைசியில் எட்டிப் பார்த்தது டீச்சர்.

"வக்கீல் சார்... இவரு கண்ணு திறந்திருக்கு!"

"கண்ணத் திறந்துட்டே தூங்கறது ஒரு திறமை டீச்சர். கோர்ட்ல நான் தினமும் பாக்கறேன்."

"கண்ணு மேல ஈ உக்காந்திருக்கு சார்!"

வக்கீல் எழுந்து வந்தார். பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

"மாமா!" என்று அலறியபடி ஓடி வந்தார் மச்சான். செத்தவரின் மனைவிக்குக் கூடப் பிறந்த தம்பி. அலுவலகமே அவரை மச்சான் என்றுதான் கூப்பிடும்.

டீச்சர் வீல் என்று கத்தினாள்.

போன் பன்னிரண்டாவது தடவையாக அடித்தது.

மணி நாலரை.

*

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவரும் பாதிப் பிணமாகத்தான் இருந்தார். பதினோரு நாளாகத் தேர்தல் பந்தோபஸ்து. உள்ளே நுழைந்ததும் உட்கார இடம் தேடினார்.

அது மூடிப்போன செருப்புக் கடை. கட்சி வாடகைக்கு எடுத்திருந்தது. ஷூ அடுக்கிய தட்டுகளில் இப்போது வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார், நாலாயிரம் நோட்டீஸ்களில். செருப்புப் போட்டுப் பார்க்கும் குட்டி ஸ்டூலில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். தரையோரம் சாய்த்து வைத்த கண்ணாடியில் சாக்ஸின் ஓட்டை பெரிதாகத் தெரிந்தது.

போலீஸ் டாக்டர் பிணத்தின் உதட்டை விலக்கிப் பார்த்தார்.

"விஷம். மூணு மணிக்கு மேல. பின் ரூமுக்குக் கொண்டுபோய் மிச்சத்தைப் பாத்துட்டு சொல்றேன்."

"மூணு மணிக்கு என்ன சாப்பிட்டாரு?"

டீச்சர் மெதுவாகக் கை தூக்கினாள், வகுப்பில் தூக்குவதுபோல.

"டீ சார்... நான்தான் ஊத்தினேன். தினமும் நான்தான் ஊத்துவேன்."

ஏட்டு நோட்டைத் திறந்தார். டீச்சரின் முகம் வெளுத்தது.

"சார், அஞ்சரைக்கு ஸ்கூல் வேன் வந்து என் பொண்ண வாசல்ல எறக்கி விட்டுரும். ஆறு வயசு சார். வீட்ல யாரும் இல்ல. சாவி என்கிட்ட இருக்கு. என்ன ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டா..."

"இங்க எதுக்கு வந்தீங்க?"

"நான் வேலை செய்யற ஸ்கூலோட தாளாளர்தான் சார் வேட்பாளர். 'எல்லாரும் தன்னார்வமா வரணும், வராதவங்க பேர எழுதிக் குடுங்க'ன்னாரு."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"டீ ஊத்தினதுக்கு அப்புறம் அவரு மேஜை பக்கம் போனீங்களா?"

"போகவே இல்ல சார்! மூணுல இருந்து நாலரை வரைக்கும் என் சீட்லயே போன் பேசிட்டிருந்தேன். இதோ ஷீட்!"

ஆளுக்கொரு ஷீட். வாக்காளர் பெயர், எண், அழைத்த நேரம். கடைசியில் ஓர் எழுத்து. ஆதரவுக்கு 'ஆ'. எதிர்ப்புக்கு 'எ'. டீச்சரின் ஷீட்டில் முப்பது அழைப்பு. இருபத்தேழு 'ஆ'!

கடைசியாக அழைத்த எண்ணைக்கூடக் காட்டாத பழைய மேஜை போன்கள். சோதிக்க ஒரே வழிதான்.

"ஏட்டு... மூணேகாலுக்கு இருக்கிற நம்பரப் போடுங்க."

ஏட்டு போட்டார். ஸ்பீக்கரில் ஒரு பாட்டியின் நீண்ட கொட்டாவி.

"அம்மா, மூணேகாலுக்கு உங்களுக்குத் தேர்தல் விஷயமா போன் வந்துச்சா?"

"எனக்கா? என் சொந்தப் பையனே போன் பண்ண மாட்டேங்கறான்!"

டொக்.

அடுத்த எண்.

"அவரா? அவரு தவறி ரெண்டு வருஷம் ஆச்சுங்க."

ஏட்டு ஷீட்டைப் பார்த்தார். எதிரில் பளிச்சென்று 'ஆ'.

"ரெண்டு வருஷம் முந்தி செத்தவரு மூணு இருபதுக்கு ஆதரவு சொல்லியிருக்காரு ஐயா!"

டீச்சர் தலை குனிந்தாள்.

"முதல் நாள் நிஜமாத்தான் பேசினேன் சார். நாப்பது பேரு. நாப்பது பேரும் திட்டினாங்க. ரெண்டாவது நாள்ல இருந்து பேரப் பாப்பேன். நல்ல பேரா இருந்தா 'ஆ' போட்டுருவேன்..."

"அப்ப ஒன்றரை மணி நேரம் என்ன பண்ணீங்க?"

"ஏழாங்கிளாஸ் பரீட்சை பேப்பர் திருத்தினேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"தெரியாமத்தானே சார் திருத்தினேன்!"

மணி ஐந்து.

"டீச்சர் விஷயம் சிக்கல்தான் ஐயா," என்றார் ஏட்டு. "ஊத்தினதும் அவங்க. பொய் ஷீட்டும் அவங்க. ஜீப்ல ஏத்திரலாமா?"

டீச்சரின் விரல்கள் சாவியை இறுக்கிப் பிடித்தன.

"இருங்க. வக்கீல் ஷீட்டக் குடுங்க."

வக்கீல் தொண்டையைச் செருமினார். "நான் சட்டம் தெரிஞ்சவன் சார். சோதிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். என்னுதும் பொய்."

"என்ன பண்ணீங்க?"

"செல்போன்ல சீட்டு ஆடினேன். அதுலயும் தோத்தேன்."

மிச்சம் இருந்தது மச்சானின் ஷீட். இன்று மட்டும் முப்பத்தெட்டு அழைப்பு. முப்பத்தேழு 'எ'. ஒரே ஒரு 'ஆ'.

ஏட்டு போட்டார்.

"ஆமா, மூணு பத்துக்குப் பேசினான். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்."

அடுத்தது.

"மூணரைக்கா? ஆமா. மூக்க உறிஞ்சிக்கிட்டே பேசினானே, அவந்தானே?"

ஏழு எண்கள். ஏழும் உண்மை! நேரம்கூட நிமிஷம் பிசகவில்லை!

"இவரு மூணுல இருந்து நாலரை வரைக்கும் சீட்ட விட்டு அசையவே இல்ல ஐயா. சுத்தமான ஆளு."

மச்சான் கண்ணைத் துடைத்தார். "நான் அக்காகிட்ட போகட்டுமா சார்?"

அப்போது வாசலில் கார். கஞ்சி போட்ட சட்டை சரசரக்க வேட்பாளர் நுழைந்தார்.

"என்ன கொடுமை! என்ன கொடுமை!" நாலைந்து தடவை சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்ஸ்பெக்டர்... அந்த ஷீட்டெல்லாம் ஜப்தி பண்ணிடாதீங்க. தொண்ணூத்தோரு சதவீதம் ஆதரவு. இன்னைக்கு மீட்டிங்ல அறிவிக்கணும்."

"அது பேரப் பாத்துப் போட்டது சார். நிஜமா போன் பண்ணது ஒருத்தர்தான். முப்பத்தெட்டுக்கு ஒண்ணு."

வேட்பாளர் பிணம் கிடந்த நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். அவர் முகத்தில் முதல் தடவையாக உண்மையான துக்கம்.

பின் அறையிலிருந்து டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"டீ இல்லய்யா. கப்புல டீ நாத்தம் மட்டும்தான். கடவாப் பல்லுல பாதி கரைஞ்ச தொண்டை மிட்டாய் ஒட்டிக்கிட்டிருக்கு. பூச்சிமருந்து வாடை குப்புனு வருது!"

ஏட்டு மேஜை டிராயரை இழுத்தார். மிட்டாய் டப்பா. காலி.

"டீ குடிச்சதும் ஒண்ணு வாயில போடுவாரு," என்றாள் டீச்சர். "தினமும்."

"அப்ப காலையிலயே யாரு வேணும்னாலும் வெச்சிருக்கலாம்!" ஏட்டு சலித்துக்கொண்டார். "மூணு பேருமே சந்தேகத்துல வர்றாங்களே ஐயா!"

இன்ஸ்பெக்டர் ஸ்டூலைவிட்டு எழாமல் கை நீட்டினார்.

"மச்சானோட நேத்து ஷீட்டு. முந்தாநாள் ஷீட்டு."

ஏட்டு போட்டார். போன் வரவில்லை என்றார் ஒருவர். யார் நீங்க என்றார் இன்னொருவர். நாலாவது எண் உபயோகத்திலேயே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஒற்றை பூட்ஸோடு எழுந்து நின்றார்.

"நேத்தும் முந்தாநாளும் ஒரு போன்கூடப் பண்ணல. மத்தவங்க மாதிரியே 'ஆ' போட்டுட்டு இருந்தீங்க. இன்னைக்கு மட்டும் முப்பத்தேழு பேருகிட்ட திட்டு வாங்கி, நிமிஷ சுத்தமா நேரம் எழுதியிருக்கீங்க. மூணு மணிக்கு மேல சாட்சி தேவைப்படும்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது... மச்சான்?"

மச்சான் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். மறுப்பதற்குக்கூட அவரிடம் தெம்பில்லை.

"இருபத்திரண்டு வருஷம் சார்... போஸ்டர் ஒட்டினேன். மேடைக்கு நாற்காலி சுமந்தேன். ஒவ்வொரு தடவையும் 'அடுத்த தடவ வார்டு சீட்டு உனக்குத்தான்'னாரு கட்சித் தலைவரு. போன வாரம் கூப்பிட்டு, சீட்டு உன் மாமாவுக்குன்னுட்டாரு. மாமா கட்சியில சேந்து எட்டு மாசம் சார்!"

"டப்பாவுல விஷம் தடவின ஒரே ஒரு மிட்டாய மட்டும் விட்டு வெச்சீங்க?"

தலையாட்டினார்.

"அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சேன் சார். அழுதுகிட்டேதான் போன் பண்ணேன். ஒரு அம்மா, 'அழாதப்பா, ஓட்டத்தானே கேக்கற, போட்டுத் தொலைக்கறேன்'னாங்க. அந்த ஒரு 'ஆ' அவங்களோடது."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"டீச்சர்... மணி அஞ்சே கால். ஓடுங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை. ஓடினாள். விடைத்தாள் கட்டு மேஜையிலேயே கிடந்தது.

ஏட்டு மச்சானின் தோளில் கை வைத்தார். வேட்பாளர் பதறி எழுந்து குறுக்கே வந்தார்.

"இன்ஸ்பெக்டர்! தேர்தல் நேரம்... இவர அரெஸ்ட் பண்ணா என் கட்சி என்ன ஆகறது?"

இன்ஸ்பெக்டர் குனிந்து பூட்ஸை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"ஒண்ணும் ஆகாது சார். உங்க கட்சியில உண்மையா வேலை செஞ்சது ஒரே ஒரு ஆளு, அதுவும் ஒரே ஒரு நாள்... அந்தத் தொந்தரவையும் நான் கையோட கூட்டிட்டுப் போயிடறேன்!"