2906 தொடரட்டுமா?

காலை ஏழரைக்குக் கடையைத் திறந்ததும் நிதிலா செய்யும் முதல் வேலை, இரவில் எத்தனை பேர் செத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதுதான்.

ஷட்டரை ஏற்றிவிட்டு, விளக்கைப் போடாமலே உள்ளே நடப்பாள். இருட்டில்தான் தெளிவாகத் தெரியும். உளுந்தூர்ப்பேட்டை புறவழிச்சாலையில், மின்னேற்ற நிலையத்தை ஒட்டியிருந்த அந்த நீளக் கடையில், வண்டிகளுக்கு மின்னேற்றும் ஐந்நூறு மின்வடங்கள் சுருட்டித் தொங்கின. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஓர் எண், கடுகளவு பச்சைத் துடிவிளக்கு. ஒரே எண்ணுள்ளவை ஒன்றாகத் துடிக்கும், ஒரு எண்ணின் துடிப்பு மற்றொன்றுக்கு வராது. புதிதாக வருகிறவர்கள் வாசலிலேயே தயங்குவார்கள், ஏதோ கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். நிதிலாவுக்குப் பதினோரு வருடப் பழக்கம். பூக்கடைக்காரி வாடிய பூவைப் பொறுக்குவது போல, அணைந்தவற்றைப் பொறுக்கிச் சாக்கில் போடுவாள்.

அன்று இரண்டு எண்கள் போயிருந்தன. 1185, 3340. யாரோ, எங்கோ.

பிறகு கடைசி வரிசைக்குப் போய் 2906இன் மேல் விரலை வைத்தாள். நிமிடத்துக்கு அறுபது. கடிகார முள் மாதிரி. திருப்தியாகப் போய் டீ போட்டாள்.

இப்படியொரு ஏற்பாடு வந்து இருபது வருடம் ஆகிறது. போலி முத்திரை குத்திய வடம் ஒன்று உருகி, நிலையத்தில் வரிசையாக நின்ற முப்பது வண்டிகள் ஆட்களோடு எரிந்தன. முத்திரையைக் குத்தியவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. மனிதனின் நாடியை யாரும் போலி செய்ய முடியாது என்று சொல்லிச் சட்டம் வந்தது. சான்றாளர் ஒருவர் தன் கையாலேயே சோதிப்பார். செம்பின் கனம், உறையின் தடிமன், முனை சூடேறும் அளவு, மழைத்தண்ணீர் புகும் இடுக்கு என எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தன் மணிக்கட்டில் பதித்திருக்கும் மின்சில்லோடு வடத்தை இணைப்பார். அவர் நாடி அதில் துடிக்கும். அவர் போனால் அதுவும் அணையும். பொறுப்புக்கு ஆளில்லாத வடத்துக்கு எந்த நிலையமும் மின்சாரம் தராது.

எனவே சான்றாளர்களைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் அவர்களுக்கென்று ஒரு வளாகம். பைக் கிடையாது, பஜ்ஜி கிடையாது. வருடத்துக்கு நான்கு நாள் வீட்டுக்கு வரலாம்.

2906, நிதிலாவின் கணவன் தர்ஷன்.

தர்ஷனின் நெஞ்சு பத்துத் துடிப்புக்கு ஒன்றைத் தவறவிடும். டாக்டர்கள் பயமில்லை என்று சொல்லியிருந்தார்கள். கல்யாணமான புதிதில் அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, "உங்க வண்டி மறுபடி ஸ்பீடு பிரேக்கர் ஏறுது" என்பாள். வாடிக்கையாளர்களுக்கு அது வேடிக்கையாக இல்லை. "இந்த ஆளு தட்டுறாரேம்மா" என்று ஒதுக்கிவிடுவார்கள். அவன் வடங்கள் கடைசி வரிசையிலேயே தூசி படிந்து கிடந்தன. போன வருடம் ஆடியில் திடீரென்று அந்தத் தட்டல் நின்றது. வளாகத்து வைத்தியம் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குப்பின் எல்லோரும் அறுபதைத்தான் கேட்டார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். வேலை அதிகமாம், அவனுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, பேசவும் நேரமில்லை; மதியம் ஒரு செய்தி மட்டும் வரும். அவளுக்கு வருத்தம் பாதி, பெருமை பாதி.

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஜெபசீலி வந்தாள். பாளையங்கோட்டையில் முப்பது வருடம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர்களுடைய வடத்தின் ஆள் காலையில் போய்விட்டாராம். கணவர் காரில் இருந்தபடியே அறுபதை வாங்கச் சொல்லி அனுப்பியிருந்தார்.

நிதிலா எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னாள். கையில் தூக்கிக் கனம் பாருங்கள், முனை ஆடக்கூடாது, ஒட்டுப் போட்ட நீட்டிப்பு வடத்தை இனாமாகத் தந்தாலும் தொடாதீர்கள். ஜெபசீலி அதையெல்லாம் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. 2906இன் கழுத்தைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம்.

"ஏம்மா, இது எத்தன நாளா இப்படி துடிக்கு?"

"ஒரு வருஷமா. நம்ம கடையிலேயே இதுதான் சீரானது."

"அதான் கேக்கேன். இருமினா நாடி ஏறணும், கண்ணசந்தா இறங்கணும். இது ஏறவுமில்ல, இறங்கவுமில்ல." அவள் வடத்தை மெதுவாக, குழந்தையைக் கிடத்துவது போல மேசையில் வைத்தாள். "இது மெஷின் குடுக்க நாடி. ஆளு நெனவில்லாம கெடையில கெடக்காரும்மா."

நிதிலா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. 2906 தன் கணவன் என்று சொன்னாள். ஜெபசீலி ஸ்டூலை இழுத்து அவளருகில் உட்கார்ந்துவிட்டாள்.

நிதிலா வளாகத்துக்குப் போன் போட்டாள். நலத்தொடர்புப் பிரிவில் ஒரு பெண் குரல் எடுத்தது. இனிமையான குரல். போன வருடம் ஜூலை இருபத்தாறாம் தேதி மூளையில் ரத்தக்கசிவு, மூளைச் செயல்பாடு முழுவதும் நின்றுவிட்டது, உடல்நிலை மட்டும் மிகச் சீராக இருக்கிறது என்று படித்தது.

"எனக்கு ஏன் சொல்லல?"

"ஒவ்வொரு ஒண்ணாந்தேதியும் உங்களைக் கேட்டுட்டுத்தானே மேடம் இருக்கோம். நீங்களும் 'ஆம்' குடுத்துட்டுத்தானே இருக்கீங்க. பதிமூணு தடவை."

நிதிலா திரையைத் திறந்தாள். அன்றும் ஒன்றாம் தேதி. மாதாமாதம் எல்லாக் கடைக்காரர்களுக்கும் வரும் சரக்குப் பட்டியல். 1720 தொடரட்டுமா? 2215 தொடரட்டுமா? அவற்றின் நடுவே, அதே எழுத்தில், 2906 தொடரட்டுமா? கடையில் தொடர்ந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்கள் என்றே இதுவரை நினைத்திருந்தாள். மற்ற எண்களை யோசித்து அழுத்துவாள். இதை மட்டும் யோசிக்காமல் அழுத்துவாள்.

அப்போது போன் சிணுங்கியது. தினமும் பன்னிரண்டரைக்குத் தர்ஷனிடமிருந்து வரும் செய்தி.

"சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா?"

"இத அனுப்புறது யாரு?" என்றாள் நிதிலா.

"அது எங்க சேவைதான் மேடம். அவரோட பழைய செய்திகளை வெச்சுத் தானா போகும். குடும்பத்துக்கு ஆறுதலா இருக்கும்னு."

நேரில் வந்து பார்க்கப் பதினைந்து வேலை நாள் ஆகும் என்றது குரல். 'இல்லை' என்று அழுத்தினால் உடனே மெஷினை நிறுத்திவிடுவார்கள். மாலை ஆறு மணிக்குள் பதில் வராவிட்டால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக ஒன்று சொன்னது: "லட்சத்து எண்பதாயிரம் வடம் மேடம். பாதி ஆம்புலன்ஸ்ல. பார்த்து முடிவெடுங்க."

நிதிலா கடைக்காரர்கள் குழுவில் எழுதினாள். 2906 இன்று மாலை ஐந்தரைக்கு நிற்கும், எல்லோரும் மாற்றிக்கொள்ளுங்கள். காரணத்தையும் எழுதினாள். அது குழுக்குழுவாகப் பரவியது. அதன்பிறகு போன் ஓயவில்லை. விழுப்புரத்துக் கடைக்காரர் நேற்றுத்தான் நூறு எடுத்தாராம், ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். முகம் தெரியாத ஒருவன் அழுதான். அவன் அம்மாவை டயாலிசிஸுக்குக் கொண்டுபோகிற வண்டியில் அந்த வடம்தானாம். "அவருக்குத்தான் ஒண்ணும் தெரியாதே அக்கா, இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குப் படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நான் என்ன செய்யட்டும்?" என்று ஜெபசீலியிடம் கேட்டாள்.

"கேபிள் வேற கெடைக்கும்மா" என்றாள் ஜெபசீலி. தனக்கென்று எக்குத்தப்பாகக் குதித்துக்கொண்டிருந்த ஒரு வடத்தை எடுத்துக்கொண்டாள். "இவன் எங்கயோ படியேறுதான்" என்று சொல்லி, நிதிலாவின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

ஐந்து மணிக்கு நிதிலா நிலையத்துக்குள் போனாள். மூன்றாம் மின்னேற்றியில் ஓர் ஆம்புலன்ஸ் மின்னேறிக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ படுத்திருந்தார்கள். அவளே 2906ஐக் கழற்றி வேறொன்றைச் செருகினாள். "நம்பர் ஒன் கேபிளை எதுக்குக்கா கழட்டுறீங்க?" என்று டிரைவர் முறைத்தான். செய்தி அவனுக்கு வந்து சேரவில்லை. இன்னும் எத்தனை பேருக்கு வரவில்லையோ. கடைக்குத் திரும்பி ஷட்டரைப் பாதி இறக்கினாள். கடைசி வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, 2906 ஒன்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு 'இல்லை' என்று அழுத்தினாள்.

ஒரு நிமிடம் ஒன்றும் ஆகவில்லை. அறுபது, அறுபது என்றே ஓடியது. பிறகு சட்டென்று நின்றது. அவ்வளவுதானா என்று அவள் நினைத்த கணத்தில் மறுபடி துடித்தது. இந்தத் துடிப்பு வேறு. கொஞ்சம் வேகம், கொஞ்சம் தள்ளாட்டம். அவள் எண்ணத் தொடங்கினாள். எட்டு, ஒன்பது. பத்தாவது வரவில்லை.

மெஷின் விலகிய பிறகு நெஞ்சு தானாக ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கி, மறுபடி ஏறி. அவள் வடத்தைக் காதோடு வைத்துக்கொண்டாள். அதில் சத்தம் எதுவும் வராது என்று தெரிந்தும் வைத்துக்கொண்டாள். நான்கு நிமிடம் ஓடியது. கன்னத்தில் விழுந்துகொண்டிருந்த பச்சை வெளிச்சம் விழாமல் போனது. வரிசை முழுவதும் இருண்டது.

வெளியே மின்னேற்றிகளின் ரீங்காரம் ஒன்றிரண்டாக நின்றது. கார்க் கதவுகள் திறந்தன. ஆட்கள் இறங்கி முனைகளைக் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் பாதி ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டி, "கேபிள் செத்துருச்சும்மா. நல்லா சீரா துடிக்கிற மாதிரி ஒண்ணு குடு" என்றார். அவள் எழுந்து போய், இருப்பதிலேயே தட்டுத்தடுமாறித் துடித்த ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது போனில் புதிய செய்தி இருந்தது. ஆழ்ந்த அனுதாபம் இரண்டு வரி. அதற்குக் கீழே ஒரு கேள்வி.

நலத்தொடர்புச் செய்திகள் தொடரட்டுமா? ஆம் / இல்லை. ஆறு மணிக்குள்.

ஆறாக இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. நிதிலா விரலைத் திரைக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அணைந்த வடங்களைச் சாக்கில் போடத் தொடங்கினாள். பதில் சொல்லாவிட்டால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.