தேரிக்காட்டு முள்ளெலி

காலையில் வந்ததும் செல்வக்கனி முதலில் பார்ப்பது டாங்கிகளைத்தான். மூடியைத் திறந்து, அளவுகோலை உள்ளே விட்டு, திரவ நைட்ரஜன் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவாள். தேவாங்கு, மரநாய், பறக்கும் அணில் என்று டாங்கிக்கு ஒரு பெயர். பெயருக்குக் கீழே பச்சை விளக்கில் ‘வாழும் இனம்’ என்று எரியும். காட்டில் ஒன்றுகூடக் கிடையாது. உறைவிந்து வங்கியில் விந்து இருந்தால் அந்த இனம் உயிரோடு இருப்பதாகச் சட்டம் போட்டுவிட்டார்கள். உயிரோடு இருப்பதற்கு எதற்குத் தனியாகக் காடு? அதையும் எடுத்துக்கொண்டார்கள். எந்தப் புண்ணியவான் எழுதிய சட்டமோ, நாசமாய்ப் போக.

இன்றைக்கு முள்ளெலியின் முறை. தேரிக்காட்டுச் செம்மணலில் இன்னும் சில மிச்சமிருந்தன. அதில் ஓர் ஆணைப் பிடித்து, விந்தெடுத்து உறையவைத்து, எலியை மணலிலேயே திரும்ப விட்டுவிட்டு வந்தவள் இவள்தான். உருக்கிப் பார்க்கும்போது பாதிக்கு மேல் நீந்தினால் ‘உறைவுச் சான்று’ கிடைக்கும். சான்று கிடைத்த அன்றே தேரி சூரியத்தகடு கம்பெனிக்குப் போய்விடும். அதற்கு மேல் யோசிக்காமல் இருக்க அவள் நன்றாகவே பழகியிருந்தாள்.

சான்று கொடுக்க வந்திருந்த ஆணைய அதிகாரி திரவியம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “சீக்கிரம் காட்டுங்கம்மா. மண் அள்ளுற வண்டியெல்லாம் தேரிக்குள்ள வந்து நிக்குது.”

“சார், ஒண்ணு கேக்கணும். விந்து இருக்கு. சுமக்கப் பொட்டை வேணுமே?”

“சட்டத்துக்கு விந்து போதும்.”

“பொட்டையெல்லாம் தேரியிலதான் சார் இருக்கு. அந்த வண்டிகளுக்குக் கீழ.”

“இருக்கட்டுமே. தேவாங்குக்கு மட்டும் பொட்டை வெச்சிருக்கோமா என்ன?” என்று சிரித்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் மேல் மட்டுமா? எதையும் பிறப்பிக்க வழியில்லாத விந்தை இத்தனை வருஷமாகக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட தன் மேலும்தான்.

கையுறையை மாட்டிக்கொண்டு, முள்ளெலிக் குழாய்கள் மொத்தமும் இருந்த கூடையைத் தூக்கி, ஜன்னலோரம் வெயில் விழுந்த மேசையில் வைத்தாள். வெண்புகை எழுந்து மெல்ல அடங்கியது.

“ஒரு குழாய் போதுமேம்மா?”

அவள் கூடையை வெயிலுக்குள் இன்னும் தள்ளி வைத்தாள். குழாய்கள் வெதுவெதுப்பான பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துத் திரையில் காட்டினாள்.

“எதுவுமே அசையலியே?” என்றார் திரவியம்.

“அசையாது. வெயில்ல மெல்ல உருக்கி நான்தான் கொன்னேன்.”

அவர் முகம் சிவக்க எழுந்தார். “உங்க வேலை போச்சு. அடுத்த வாரமே வேற ஆளை வெச்சு எடுப்போம்.”

“எடுக்க முடியாது சார். மழைக்காலத்துல மட்டுந்தான் ஆணுக்கு விந்து ஊறும். மழை முடிஞ்சு போச்சு.”

வண்டிகளைத் திருப்பச் சொல்லி போனில் கத்திவிட்டு, அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையை அவரே கழற்றிக்கொண்டார். “அடுத்த மழைக்கு வருவோம். விட்டுருவோம்னு நினைக்காதீங்க.”

“வாங்க,” என்றாள். “அதுக்குள்ள சினைப் பொட்டையெல்லாம் குட்டி போட்டிருக்கும்.”