அவுரித் தொட்டியில் ஒரு கத்தி

"யா அல்லாஹ்...!"

சாயப்பட்டறைக்குள் எழுந்த அலறல் பாதியில் அறுந்தது.

முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சாயக்காரன் இருளப்பன் உள்ளே ஓடினான்.

முதலாளி ஹாஷிம், அவுரிச் செடியின் நீலச் சாயம் நிறைந்த தொட்டியருகே குப்புறக் கிடந்தார். முதுகெல்லாம் ரத்தம். மூச்சு இல்லை.

டமார்!

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

"சாஜன், ஓடி வாங்கோ. இருளப்பன் ஹாஷிம் நானாவ மவுத்தாக்கிட்டான். ஆள உள்ள வெச்சு அடைச்சிட்டேன்."

ஹாஷிமின் கூட்டு வியாபாரி லாபிரின் குரல். செடிச் சாயம் ரெண்டு கழுவலுக்கு நிக்காது, ஜெர்மன் சாயத்தூளுக்கு மாறுவோம் என்று ஹாஷிமோடு மல்லுக்கு நின்றவன்.

இருளப்பன் கதவை இடித்தான். அசையவில்லை. இருந்த ஒரே ஜன்னலிலும் கம்பி. கம்பிக்கு அப்பால் கட்டுகஸ்தோட்டைப் பாலம். அவன் கண்ணுக்குத் தெரிந்ததோ தூக்குக் கயிறு.

எதிர்த் தேத்தண்ணிக் கடையிலிருந்த போலீஸ் சார்ஜண்ட் மஹ்ரூப் உடனே வந்துவிட்டார். கதவு திறந்தது.

"கத்தி எங்கடா?"

"நான் குத்தலைங்கய்யா. சத்தம் கேட்டு ஓடியாந்தேன்."

சார்ஜண்ட் தொட்டிக்குள் கம்பை விட்டுத் துழாவினார். அடியில் ணங்கென்றது. கத்தி...

"தொட்டிக்குள்ள கை விட்டவன்ட கை நீலமாத்தானே ஈக்கும்?" என்றான் லாபிர். "நான் இண்டைக்கு இந்தப் பட்டறைக்குள்ள காலே வெக்கல்ல. இவன்ட கையப் பாருங்கோ."

இருளப்பனின் கைகள் முழங்கை வரை நீலம். வருடக்கணக்கில் ஊறிய நீலம்.

"அது தொழில் கறைங்கய்யா."

"கதை வேணாம்." சார்ஜண்ட் விலங்கை மாட்டினார்.

லாபிர் அதுவரை இடுப்புச் சாரத்தில் சுருட்டி வைத்திருந்த கையை எடுத்து நீட்டினான். "கொண்டு போங்கோ இவன."

இருளப்பன் அந்தக் கையைப் பார்த்தான். லேசான பச்சை.

"அய்யா... போறதுக்கு முந்தி அந்தக் கைய ஒருக்காப் பாருங்க."

"எலை கசக்கினேன். அதுக்கென்ன?"

அவுரித் தொட்டிக்குள் போன எதுவும் பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டால்தான் நீலம் ஏறும். விற்பனை மட்டுமே பார்த்த லாபிர் தொட்டியைத் தொட்டதே இல்லை... இன்று வரை!

விரல் நுனி நீலமானது.

உள்ளங்கை நீலமானது.

மணிக்கட்டு வரை... நீலம்.

லாபிர் கதவைப் பார்த்தான். அங்கே சார்ஜண்ட் நின்றிருந்தார்.

விலங்கு கை மாறியது.

"தண்ணி... கொஞ்சம் தண்ணி தாங்கோ," என்று முனகினான் லாபிர், கையைத் தேய்த்துத் தேய்த்து.

இருளப்பன் வாளியை அவன் பக்கம் நகர்த்தினான்.

"கழுவுங்க மொதலாளி. ரெண்டு கழுவலுக்கு நிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க."