மூன்று நாள் பெட்டி

வியாழன், காலை 10.20.

வேதியியல் பேராசிரியை இரண்டு விடைத்தாள்களைப் அருகருகே வைத்தார். வரிக்கு வரி ஒரே விடை. ஆறாம் கேள்வியில் செய்த தவறுகூட ஒன்றேதான்.

ஒன்று வகுப்புத் தலைவனுடையது. இணைய வகுப்பு நடந்த வருடம் முழுக்க முதல் ரேங்க் வாங்கியவன். மற்றது, அந்த வருடம் முழுக்க வாயே திறக்காததால் 'மியூட்' என்று பெயர் வாங்கிய பெண்ணுடையது. யார் யாரைப் பார்த்து எழுதியது என்பதில் பேராசிரியைக்குத் துளி சந்தேகமும் இல்லை. மியூட்டைக் கல்லூரியை விட்டு நீக்கும் கடிதம் தயார். கையெழுத்து மட்டும் பாக்கி. இருவரும் மேசைக்கு முன்னால் நின்றிருந்தார்கள்.

"நான் பாத்து எழுதல மேடம்." முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்கள் சிவந்திருந்தன.

குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்த லேப் அக்கா திரும்பினார். ஆய்வக உதவியாளர், ஊர் வம்பு கேட்காதவர், ஆனால் காதில் விழுந்ததை விடாதவர்.

"ஆறடி தள்ளித்தானே உக்கார வெச்சோம்? அங்கேருந்து ஒரு வரி விடாம எப்படி மேடம் தெரியும்?"

"வேற எப்படி நடந்திருக்கும்?"

"திங்கக்கிழமை பரீட்சை. கிருமி இருக்கும், மூணு நாள் தொடக்கூடாதுன்னு தாளையெல்லாம் பெட்டியில போட்டோம். அதை ஸ்டோர் ரூம்ல வெச்சது யாரு?"

"நான்தான்," என்றான் தலைவன். "ஆனா திறக்கல."

பெட்டிக்குப் பூட்டு கிடையாது. கிருமி பயம்தான் பூட்டு.

அக்கா பதினைந்து தாள்களையும் மேசையில் பரப்பினார். ஒன்றைத் தவிர எல்லாவற்றின் மூலையிலும் கல்லூரியின் ஊதா முத்திரை கலைந்து போயிருந்தது.

"இதைப் பாத்துத்தான் எனக்கு எரிச்சல்," என்றார் பேராசிரியை. "இவன் ஒருத்தன்தான் தாளைச் சுத்தமா வெச்சிருக்கான்."

"அங்கதான் கோட்டை விட்டீங்க மேடம். அன்னிக்கு வாசல்ல ஒவ்வொருத்தர் கையிலயும் நான் சானிடைசர் ஊத்தினேன். கை காயறதுக்குள்ள நீங்க தாளைக் கொடுத்தீங்க. எல்லாரும் அந்த மூலையைத்தான் பிடிச்சாங்க. ஸ்பிரிட் பட்டா முத்திரை மை நிக்குமா?"

தலைவன் காலடியைப் பார்த்தான்.

"தம்பி, உன் கையில ரெண்டு தடவை ஊத்தினேன். உன் முத்திரை மட்டும் கலையாம நிக்குது. இது அன்னிக்கு வாங்கின தாள் இல்ல, அப்புறமா எழுதி மாத்தி வெச்சது. முத்திரை குத்தின மிச்ச வெத்துத் தாளெல்லாம் அந்த ஸ்டோர் ரூம்லதான் இருக்கு."



"அன்னிக்கு ஒண்ணுமே எழுத வரல மேடம்," என்றான் தலைவன். "வீட்ல எழுதறப்போ புக் திறந்தே இருக்கும்."

"அதுக்கு இவ தாள்தான் கிடைச்சுதா?" என்றார் பேராசிரியை.

"எல்லார் தாளையும் பாத்தேன். இதுதான் நல்லாருந்துச்சு."

பேராசிரியைக்கு வெட்கமாக இருந்தது. கடிதத்தை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"இவ்வளவு தெரிஞ்சு வெச்சுக்கிட்டு ஏம்மா ஒரு வருஷமா வாயே திறக்கல?"

"எங்க வீட்ல சிக்னல் வராது மேடம்," என்றாள் மியூட். "புக் மட்டும்தான் இருந்துச்சு."